கொடி காயும்வரை விடுங்கள்

கார்த்திகைப்பூவைப் பறிப்பதால் செடி சாகாது. பூத்து முடிந்த கையோடு கொடியை இழுத்து எறிவதால்தான் சாகிறது. அதுவும் அன்றைக்கே சாவதில்லை. அடுத்த வருடம் மெலிந்த ஒரு முளை வரும், பூக்காது. அதற்கடுத்த வருடம் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. இடையில் மழைக்காலம் ஒன்று வந்து போய்விடுவதால், தன் கையால்தான் அது போனது என்று இழுத்தவருக்குத் தெரியவே வராது. நான் பார்க்கப் பார்க்க, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பல வேலிகளிலிருந்து இந்தக் கொடி இப்படித்தான் இல்லாமல் போனது. ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டது, முளைகள் வெளியே வருகின்றன. இந்த வருடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். வீடு இக்கரையில், ஆரையம்பதிப் பக்கம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். பாதை வரும் நேரம், ஆட்கள் சேரும் நேரம், காற்று அடிக்கும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டும். இப்போது ஸ்கூட்டியில் போய்விடலாம். மிச்சமான நேரத்தில் பள்ளி விட்டதும் கொக்கட்டிச்சோலை தாண்டி, தாந்தாமலை வீதியில் கொஞ்சத் தூரம் போய்வருகிறேன். மழைக்காலத்தில் அந்த வீதியில் போவது இந்தக் கொடியைப் பார்க்கத்தான்.

வட்டைகளில் வெள்ளாமை பச்சை கட்டியிருக்கும். வரம்பு முடிந்து மேட்டுநிலம் தொடங்கும் இடத்தில் பற்றைக்காடு. சூரை, காரை, ஈச்சை, இடையிடையே பாலையும் வீரையும். சூரைப்பற்றைக்குள் கையை விட முடியாது, முள் கிழித்துவிடும். அந்த முள்ளுக்கு நடுவில்தான் கார்த்திகைக் கொடி எழும்பும். அதற்குத் தனியாக நிற்கும் பலம் இல்லை. இலைக்குக் காம்பும் இல்லை, தண்டோடு ஒட்டியே இருக்கும். இலையின் நுனி மட்டும் நீண்டு மெலிந்து சுருண்டுவிடும். பக்கத்தில் எந்தக் குச்சி கிடைத்தாலும் அந்த நுனி அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பாகல், புடோல் எல்லாம் பிடிப்பதற்கென்று தனிச்சுருள் வைத்திருக்கின்றன. இது இலையையே கையாக வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டும்போது, ஒரு ஈர்க்கிலை இலைநுனிக்குப் பக்கத்தில் குத்திவைத்துவிட்டுப் போவோம். அடுத்து வந்து பார்க்கும்போது சுற்றியிருக்கும். அதைப் பார்த்து அவர்கள் போடும் கூச்சலுக்காகவே நான் ஒவ்வொரு வருடமும் அதைச் செய்கிறேன்.

காடு என்றால் பெரிய மரங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பற்றைகளைக் காடாகக் கணக்கெடுப்பதில்லை. "சும்மா கிடக்கிற பத்தை" என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் காணி துப்புரவு என்றால் முதலில் போவது அதுதான்.

சரி, மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் கொடியை ஏன் விடச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

பள்ளிக்குப் பக்கத்து வளவில் மதில் கட்ட அத்திவாரம் வெட்டினார்கள். பெக்கோ இயந்திரம் கிளறிப்போட்ட மண்ணில் கார்த்திகைக் கிழங்குகள் வெள்ளையாகக் கிடந்தன. கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கெற்றப்போல் செய்ய வெட்டும் கவட்டுத்தடியேதான், இரண்டு கை, நடுவில் ஒரு மடிப்பு. தோல் மெல்லிய மண்ணிறம், கீறினால் உள்ளே பால்வெள்ளை. ஒவ்வொரு கையின் நுனியிலும் சின்னதாக ஒரு முளைக்கண். ஒரு கைக்கு ஒன்றுதான். உருளைக்கிழங்கைப்போல எங்கே வெட்டி நட்டாலும் முளைக்கும் என்று நினைக்கக்கூடாது. நுனி நசுங்கிவிட்டால் மிச்சக் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் பிரயோசனமில்லை. பெக்கோவின் பல் பட்டதில் அங்கே கிடந்த பலவற்றுக்கு நுனியே இல்லை. நுனி தப்பியவற்றைப் பொறுக்கி, பள்ளி வேலியோரம், முளைக்கண்ணுக்கு அடிபடாமல் படுக்கவைத்துப் புதைத்தோம். காணிக்காரர் நல்ல மனிதர், தானே ஒரு மண்வெட்டியோடு வந்து குழி வெட்டித் தந்தார்.

அந்தக் கிழங்கு நிரந்தரமாக இருக்கும் ஒன்றல்ல. இந்த வருடக் கொடி முளைத்து எழும்பும்போது பழைய கிழங்கில் உள்ளதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கார்த்திகை முடியும்போது பழையது வெறும் சக்கையாகச் சுருங்கிப்போகும். தண்டின் அடியில் அடுத்த வருடத்துக்கான புதுக்கிழங்கு உருவாகத் தொடங்கியிருக்கும். அதை நிரப்புவது எது? இலைதான். பூ முடிந்து, பார்க்க அழகில்லாமல், கீழிலைகள் பழுக்கத் தொடங்கி, "இனி என்னத்துக்கு இது" என்று எங்களுக்குத் தோன்றுகிற மார்கழி, தை மாதங்களில்தான் அந்தக் கொடி முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அப்போது வெட்டினால் புதுக்கிழங்கு பாதியில் நின்றுவிடும். பழையதும் இல்லை, புதியதும் நிறையவில்லை. அடுத்த ஐப்பசியில் மெலிந்த முளை வருவது அதனால்தான்.

அந்த வீதியில் தேன் எடுக்கப் போய்வரும் ஒரு ஐயா இருக்கிறார். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாத்தா. கிழங்கின் கதையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் எங்கே தெரிந்துகொண்டாரோ, ஒருநாள் வேலி துப்புரவாக்கிக்கொண்டிருந்த பொடியன்களைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "பச்சையா இருக்கக்குள்ள அறுக்கப்படா ரீச்சர். அது தானாக் காய்ஞ்சு விழட்டும். காய்ஞ்ச பிறகு எரிச்சாலும் ஒண்டும் ஆகாது, அடியில கிடந்து திரும்ப வரும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆவணியில் சேனைப் பயிர் செய்யப் பற்றையை வெட்டி நெருப்பு வைத்த நிலத்தில்கூட மழை விழுந்ததும் இந்த முளை வருவதை நான் பார்த்திருக்கிறேன். நெருப்பு மேலால் போய்விடும், கிழங்கு ஆழத்தில் இருக்கும். கச்சான் காற்று அடித்து நிலம் வெடித்துக் கிடக்கும் மாதங்களையும் அது அப்படித்தான் கடக்கிறது. நெருப்புக்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிக்கிற ஒரு செடி, ஒரு கத்திவெட்டுக்குத் தவறான மாதத்தில் தோற்றுப்போகிறது.

பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பலர் அதைப் படத்தில் பார்த்திருக்கிறார்கள், நின்று பார்த்ததில்லை.

மொட்டு பச்சையாக, தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் முதலில் பச்சை கலந்த மஞ்சள். ஒவ்வொரு இதழும் ஒடுங்கி நீண்டு, ஓரம் முழுக்க நெளிநெளியாக இருக்கும். விரிய விரிய இதழ்கள் பின்னால் மடிந்து மேல்நோக்கி எழும்பும். பூவின் முகம் நிலத்தைப் பார்க்க, இதழ்கள் வானத்தைப் பார்க்கும். அடுத்தடுத்த நாட்களில் சிவப்பு இதழின் மேல்பகுதியில் தொடங்கிக் கீழே இறங்கும், அடியில் மட்டும் மஞ்சள் கொஞ்ச நாள் நிற்கும். பிறகு அதுவும் போய் முழுச்சிவப்பு. ஒரே கொடியில் பச்சை மொட்டு, மஞ்சள் பூ, இரண்டு நிறப் பூ, முழுச்சிவப்புப் பூ எல்லாம் ஒன்றாக இருப்பது இதனால்தான். ஒரு பூ ஒரு கிழமைக்கும் மேல் நிற்கும்.

இதழைவிட எனக்கு வியப்பு அதன் நடுப்பகுதி. ஆறு மகரந்தக் காம்புகளும் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். சூல்தண்டு நேராக வராது. சூலகத்திலிருந்து வெளியே வந்ததும் ஒரு பக்கமாகச் சட்டென்று மடிந்து, கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும். முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை, "ரீச்சர், இது முறிஞ்சு போச்சு" என்றுதான் சொல்லும். முறியவில்லை. தன் மகரந்தம் தன்மேலேயே விழுந்துவிடாமல் அது விலகி நிற்கிறது. வண்ணாத்திப்பூச்சி வந்து பூவைச் சுற்றி இறக்கை அடிக்கும்போது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தம் இறக்கையில் படுகிறது. அடுத்த பூவில் அந்த இறக்கை சூல்முடியில் தட்டுப்படுகிறது. தேன்சிட்டும் வரும். வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரத்தில் பற்றையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் இதை எல்லாம் பார்க்கலாம். கிட்டப் போனால் ஒன்றும் வராது.

இதே பூதான் சங்கப் பாட்டுகளில் காந்தள் என்று வருவது. முருகன் தலையில் சூடும் பூ என்று பாடியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு எங்கள் சனம் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடாக நடந்து போவது ஆடியை ஒட்டிய நாட்களில். அந்த நேரம் காடு காய்ந்து கிடக்கும், முருகனின் பூ எங்கேயும் இருக்காது. இருக்கிறது, நடக்கிறவர்களின் காலடி மண்ணுக்குக் கீழே கிழங்காக. அது மேலே வந்து பூத்து நிற்கும்போது கார்த்திகை விளக்கீடு, குமாராலய தீபம். ஊர்க்கோயில்களில் விளக்கேற்றும் அந்த நாட்களில் வேலியில் பூ இருக்கும்.

கார்த்திகை எங்கள் மண்ணில் வேறு நினைவுகளின் மாதமும்தான். தங்கள் வீட்டில் இல்லாமல் போனவர்களுக்காக இந்தப் பூவைத் தேடிப் பறித்து, படத்துக்கு முன்னால் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. பூ பறிக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பூவை அதன் காம்போடு கிள்ளி எடுங்கள், கொடியை இழுக்காதீர்கள். முள்ளுக்குள் கைவிட முடியாதென்று கீழே பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் கொடி முழுதாக வந்துவிடும், சிலவேளை அடியோடு அறுந்துவிடும். ஒரு சின்னக் கத்தரிக்கோல் கொண்டு போங்கள். ஒரு கொடியில் உள்ள எல்லாப் பூவையும் எடுக்காமல் மேலே ஒன்றிரண்டைக் காய்க்க விடுங்கள். இலையை விட்டு, காயையும் விட்டால், அடுத்த கார்த்திகைக்கு அதே இடத்தில் அந்தப் பூ இருக்கும். வருடா வருடம் அதே இடத்துக்கு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி நஞ்சு. இதை மறக்காமல் வாசியுங்கள்.

இந்தச் செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கிழங்கும் விதையும் மிகக் கடுமை. அதில் இருப்பது கொல்சிசின். எங்கள் பக்கம் காட்டுக்குப் போகிறவர்கள் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவது வழக்கம். கொடி காய்ந்துவிட்ட மாதங்களில், மேலே இலை எதுவும் இல்லாத நேரத்தில், கையில் கிடைத்த கிழங்கு எதுவென்று தெரியாமல் அவித்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. சில மணி நேரத்துக்குள் தொண்டை, வயிறு எரிந்து, வாந்தியும் வயிற்றோட்டமும் நிற்காமல் போகும். அது கொஞ்சம் அடங்கினாற்போல இருக்கும்போதுதான் உள்ளே இரத்த அணுக்கள் உண்டாவது நின்றுபோகும். தப்பிப் பிழைத்தவர்களுக்கும் இரண்டு கிழமை அளவில் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன் அப்படித் தப்பியவர். ஆசுபத்திரியால் வந்த பிறகு மொட்டைத்தலையோடு பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிவந்தார். மயிர் திரும்ப முளைத்துவிட்டது. அவரோடு சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு எல்லாம் அந்தப் பாக்கியம் இல்லை. மாற்று மருந்து என்று உடனே கொடுக்க ஒன்றும் கிடையாது. யாராவது தின்றுவிட்டால் வீட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், வாந்தி தொடங்கும்வரையும் காத்திராமல், உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தின்றதில் மிச்சத் துண்டு இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், வைத்தியருக்கு உதவும்.

உடம்பில் கலங்கள் பிரிந்து பெருகுவதை கொல்சிசின் தடுக்கிறது. மயிர்வேர், குடல், எலும்பு மச்சை போல எங்கெங்கே கலங்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கே முதலில் அடிவிழுகிறது. இதே பொருள்தான் கவுட் என்ற மூட்டுவாதத்துக்கு மருந்தாகவும் இருக்கிறது. மருந்துக்கடையில் வரும் ஒரு குளிசையில் அரை மில்லிகிராம் அளவுதான் இருக்கும். அவ்வளவு நுணுக்கமாக அளந்து கொடுக்கவேண்டிய ஒன்றை, கிழங்கை உரசிப் பாலில் கலந்து குடிக்கலாம் என்று வீடியோ போடுகிறவர்களை நான் மன்னிக்கமாட்டேன். சித்த, ஆயுள்வேத வைத்தியத்தில் இதற்கு இடம் உண்டு. சுத்தி செய்யும் முறை தெரிந்த வைத்தியர்களின் கையில் அது இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் கரூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் இதைத் தோட்டப் பயிராகவே செய்கிறார்கள். அங்கே இது மாநிலப் பூவும்கூட. கம்பி கட்டிக் கொடியை ஏற்றி, காலையில் ஆட்கள் வரிசையாகப் போய்ப் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். அந்த விலகி நிற்கும் சூல்தண்டு செய்கிற வேலை அது. வண்ணாத்திப்பூச்சியை நம்பி இருந்தால் விளைச்சல் காணாது. விதையைக் காயவைத்து மருந்துத் தொழிலுக்கு விற்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் கவலை எங்கள் பக்கம் கிழங்கைத் தோண்டி விற்பதுதான். முகநூலில் பூச்செடி விற்கும் குழுக்களில் காட்டுக் கிழங்கு வருகிறது. வாங்குகிறவர் சாடியில் வைக்கிறார். கோடையில் இலை காய்ந்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுகிறார். உறங்கும் கிழங்கு ஈரத்தில் அழுகிவிடும். அடுத்த வருடம் இன்னொரு கிழங்கு வாங்குகிறார். அந்த இன்னொன்றும் ஏதோ ஒரு பற்றையிலிருந்து வந்ததுதான்.

வேலிகளும் மாறிவிட்டன. கதியால் போட்டு, இடையில் காரையும் நாகதாளியும் வளர்ந்த பழைய வேலியில் இந்தக் கொடிக்கு ஏறவும் இடம் இருந்தது, அடியில் உக்கிய இலைமண்ணும் இருந்தது. மதிலில் ஏறமுடியாது. மதில் கட்டுகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். யானை வரும் ஊரில் மதில் கட்டாதே என்று யார் சொல்வது? ஆனால் மதிலுக்கு வெளியே, வீதியோரத்தில் மிஞ்சும் அந்த ஒடுங்கிய துண்டு நிலத்துக்குக் களைநாசினி அடிப்பதை விடலாம். களைநாசினி இலை வழியாகக் கிழங்குக்குள் இறங்கிவிடும். வெட்டினால் வருடக்கணக்கில் சாவது, இதில் ஒரே மாரியில் முடிந்துவிடும்.

இன்னொரு விசயம் கேட்டு எனக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது: "கொடியில கறுப்புப் புழு, என்ன மருந்து அடிக்கிறது?" ஒன்றும் அடிக்காதீர்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் வைத்த அந்தப் புழு இந்தக் குடும்பத்துக்கும் லில்லிமாதிரிப் பூக்கிற விஷமூங்கில் போன்ற செடிகளுக்கும் உரியது. மற்ற எதுவும் தொடாத நஞ்சிலையை அது கூட்டமாக உட்கார்ந்து தின்கிறது. மாடு மேய்ந்துபோன வெளியில் மற்றதெல்லாம் கடிபட்டுக் கிடக்க இந்தக் கொடி மட்டும் முழுதாக நிற்கும். அந்தக் கொடியில் இந்தப் புழு மட்டும் இருக்கும். தின்று முடிந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, பிறகு கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கட்டங்கள் போட்ட ஒரு அந்துப்பூச்சியாக வெளியே வரும். இவ்வளவு அழகான அந்துப்பூச்சியை நான் வேறு பார்த்ததில்லை. புழு அதிகமாகி இலை எல்லாம் போய்விடும்போல இருந்தால், ஒரு குச்சியால் பாதியைத் தட்டி, பக்கத்தில் நிற்கும் விஷமூங்கிலில் விடுங்கள். அது தடித்த செடி, தாங்கும்.

வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் விதையிலிருந்து தொடங்குங்கள். காய் பச்சையாக, மூன்று அறையோடு நீண்டிருக்கும். மாசி அளவில் உலர்ந்து மூன்றாக வெடிக்கும். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் உருண்டை விதைகள். வெடித்த காயிலிருந்து மட்டும் எடுங்கள், பச்சைக் காயைப் பறித்துக் காயவைத்தால் பல விதை சொத்தையாகப் போகும். நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் போட்டு, மேலே "நஞ்சு" என்று எழுதி, சமையலறையில் அல்லாமல் வேறு இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். நிறத்தைப் பார்த்துக் குன்றிமணி என்று பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். குன்றிமணியும் நஞ்சுதான், அது வேறு கதை.

புரட்டாசியில், மழைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மணலும் கூட்டெருவும் கலந்த மண்ணில் ஒரு விரல்கணு ஆழத்தில் போடுங்கள். உடனே முளைக்காது. சிலது அந்த மாரியிலேயே வரும், சிலது மாதக்கணக்கில் கிடந்து வரும். வராதது செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். முதல் வருடம் விரல் நீளத்துக்குச் சில இலைகள்தான், பூ கிடையாது. அந்த இலைகள் சின்னதாக ஒரு கிழங்கைச் செய்துவைத்துவிட்டுக் காய்ந்துபோகும். காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திச் சாடியைத் தாழ்வாரத்தில் மழை படாமல் வையுங்கள். அடுத்த ஐப்பசியில் திரும்ப வெளியே எடுங்கள். பூக்க மூன்று, நான்கு மழைக்காலம் ஆகும். ஆழமான சாடி வேண்டும், ஏற ஒரு முள்ளுக்கிளையோ காய்ந்த மிலாறோ நட்டுக்கொடுங்கள். வழுவழுப்பான குழாய்க் கம்பியை அந்த இலைநுனிகளால் பிடிக்க முடியாது. கிழங்கைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மழைக்குப் பூக்கும் வெள்ளை, ரோசா லில்லி எங்கள் வளவுகளில் நிறைய இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி அது. எனக்கும் பிடிக்கும், என் பெத்தா அதைக் கிணற்றடியில் வரிசையாக வைத்திருந்தா. எப்படிப் பிடுங்கி எங்கே நட்டாலும் வந்துவிடும். அந்தச் செடியைப் பார்த்துப் பழகிய கையோடு கார்த்திகைப்பூவிடம் போவதால்தான் அதையும் அப்படியே நடத்துகிறோம் என்று நினைக்கிறேன். பிடுங்கி நடுகிற செடி அல்ல இது.

பள்ளி வேலியில் நாங்கள் புதைத்த கிழங்குகளில் சில முளைத்திருக்கின்றன. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காய்ந்த சூரைக்கிளை நட்டிருக்கிறார்கள். வேலி துப்புரவாக்க வருகிறவர்களுக்காக ஒரு பலகையும் எழுதினோம். என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒரு பிள்ளை சொன்னதையே எழுதிவிட்டோம்: "மாசி மட்டும் வெட்டவேண்டாம்." மாசி வரைக்கும் என்றுதான் அர்த்தம். வாசிக்கிறவர்கள் உங்கள் வேலிக்கும் அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த மாசியில் எங்கள் கொடிகளில் காய் வெடித்தால் விதை எடுத்துவைப்பேன். படுவான்கரைப் பக்கம் வருகிறவர்கள் பள்ளிக்கு வந்து கேளுங்கள், ஆளுக்கு ஒரு சிறு உறை தருவோம்.